மனு எழுதுமுன் பெரியப்பாவுக்கு

ஸ்காபரோ, கனடா
தை மாதம், இரண்டாம் கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெரியம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று அறிந்து ஆறுதல். இங்கே நாங்கள் நலம். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. பண்டசாலையில் எனக்கு இன்னும் இரவு வேலைதான். விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மூக்கு என் முகத்தில்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்குவது நிற்கவில்லை. சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தின் நிலக்கீழ் மண்டபத்தை வாடகைக்கு எடுக்கிறோம். உங்கள் மத்தளம்தான் என்னைப் படுத்துகிறது. ஊரில் மழைக்காலத்தில் தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டி இறுக்குவோம். இங்கே ஹீட்டரின் வறட்டுச் சூட்டில் அது தானாகவே இறுகிக் கீச்சிடுகிறது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துத்தான் அடிக்கிறேன். சிரிக்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். இலங்கைக்கென்று கலைக்கும் பண்பாட்டுக்கும் ஒரே தேசிய ஆணைக்குழு வேண்டும் என்று அரசாங்கத்துக்கு மனு எழுதப்போவதாகவும், 'கனடாவில் இதை எப்படிச் செய்தார்கள்' என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கச் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். மனுவின் நகலையும் பார்த்தேன். 'அமைச்சரே தலைவராக இருக்க வேண்டும், அப்போதுதான் காசு தடையில்லாமல் வரும்' என்ற வரியைப் படித்ததும் அன்றைக்கே பதில் எழுத நினைத்தேன். இரவு வேலை விடவில்லை.

கனடாக்காரர் 1949 இல், நாட்டின் கலையும் பண்பாடும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தார்கள். தலைவர் வின்சன்ற் மாசி. மொத்தம் ஐந்தே பேர், அதில் ஒரு பெண். அவர்கள் தலைநகரில் உட்கார்ந்து எழுதவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பொது அமர்வுகள் வைத்தார்கள். 462 எழுத்து மனுக்கள் வந்தன, 1,200 பேருக்கு மேல் சாட்சி சொன்னார்கள். அமெரிக்காவின் வானொலியும் சஞ்சிகைகளும் படமும் எல்லை தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்த காலம். தங்களுக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் இவர்களுக்கு இருந்தது. பிரித்தானியாவில் 1946 இல் அமைந்த கலை மன்றம் கண்முன்னே இருந்தது. 1951 இல் அறிக்கை கொடுத்து, அதுபோல ஒன்று இங்கும் வேண்டும் என்றார்கள்.

பிறகு ஆறு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளைக்காரன் நாட்டிலும் கோப்பு தூங்கும், பெரியப்பா.

எழுப்பியது இரண்டு மரணங்கள். ஐசக் வால்ரன் கில்லம் என்ற பெருஞ்செல்வர் 1955 இல் இறந்தார். இரும்பாலை முதலாளி சேர் ஜேம்ஸ் டன் 1956 தொடக்கத்தில் இறந்தார். அவர்கள் விட்டுப்போன சொத்தின்மீது அரசாங்கம் அறவிட்ட மரண வரி கிட்டத்தட்ட 100 மில்லியன் டொலர். எதிர்பாராமல் வந்த காசு. அதில் 50 மில்லியன் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குப் போனது. மற்ற 50 மில்லியனை முதலாகப் போட்டு, 1957 இல் சட்டம் இயற்றி, கலைக்கு மானியம் கொடுக்கும் கனடா மன்றத்தைத் தொடங்கினார்கள். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பது நம் கதை. இவர்கள் இருவரிடமும் வரிக்காரன் எடுத்தான். (கில்லத்தின் மனைவி மட்டும் பின்னர் தன் உயிலில் அந்த மன்றத்துக்குத் தாமாகவே பெருந்தொகை எழுதிவைத்தார்.)

இந்த 'முதல்' என்ற சொல்லை இளைஞர்களிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டுங்கள். வட்டியில் நடக்கும் மன்றத்துக்கு வருடா வருடம் ஒருவர் வாசலில் கைகட்டி நிற்கும் வேலை இல்லை. அந்த நிம்மதியும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. கலைஞர் தொகை பெருக, வட்டி போதவில்லை. 1960களின் நடுவிலேயே நாடாளுமன்றம் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கத் தொடங்கியது. இன்று பெரும்பங்கு அப்படித்தான் வருகிறது. 2016 இல் ஒரு அரசாங்கம் ஐந்து வருடத்தில் அந்த ஒதுக்கீட்டை இரட்டிப்பாக்குவதாக அறிவித்தது. கூட்டுகிற கைக்குக் குறைக்கவும் தெரியும் அல்லவா?

அப்படியிருந்தும் ஒரு காரியத்தில் இவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். பணத்தைக் கொடுப்பது அரசாங்கம், யாருக்கு என்று சொல்வது அரசாங்கம் இல்லை. அமைச்சருக்கும் மன்றத்துக்கும் நடுவில் ஒரு கை நீளம் தள்ளி இருக்க வேண்டும் என்பது இங்குள்ளவர்களின் பேச்சு. கை நீளம் என்றால் முழமா, பாகமா என்று நான் ஒருவரிடம் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. என் கணக்கில் முழம் போதாது. இரண்டு கையையும் விரித்த பாகமாவது வேண்டும். இந்த மாதம் இங்கே தமிழ் மரபுத் திங்கள், 2016 இல் நாடாளுமன்றமே அங்கீகரித்தது. அதனால் ஒவ்வொரு மேடையிலும் அரசியல்வாதிகள் பொன்னாடைக்குக் கழுத்து நீட்டுகிறார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை, நம் மேடைக்கு வருகிறார்களே. ஆனால் பொன்னாடை போட்டவரே மறுநாள் யாருக்கு மானியம் என்று முடிவு செய்தால், அடுத்த வருடம் நாங்கள் ஆடுவது கூத்தாக இருக்காது.

பிறகு யார் முடிவு செய்கிறார்கள்? அந்தந்தக் கலையில் ஊறியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். வாசித்துத் தீர்ப்புச் சொல்வதற்குக் கூலியும் உண்டு. தனக்கு வேண்டியவரின் விண்ணப்பம் வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த தடவை வேறு ஆட்கள். நம் ஊரில் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரைப் பொன்னாடை போர்த்தக் கூப்பிடுவார்கள், தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டதுண்டா? மனுவில் எந்த வரியை வெட்டினாலும், தீர்ப்பு மேசையில் பாதிப் பேராவது கலைஞர்கள் என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் இளைஞர்களுக்குச் சொல்லுங்கள். இதில் கனடா நமக்கு மூத்த நாடு இல்லை. இலங்கைக் கலைக்கழகத்தை 1952 இல் சட்டம் போட்டே அமைத்தார்கள், கனடாவுக்கு ஐந்து வருடம் முன்னால். அதன் தமிழ் நாடகக் குழுவுக்குப் பேராசிரியர் வித்தியானந்தன் தலைவராக இருந்தபோதுதான் மட்டக்களப்பு அண்ணாவிமார் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். 1962 இல் 'கர்ணன் போர்' கூத்து பல்கலைக்கழக மேடையேறியது. விடிய விடிய ஆடும் கூத்தை மேடைக்காகச் சுருக்கியது சரியா பிழையா என்று நீங்களும் அப்பாவும் திண்ணையில் கட்டிப்புரண்டது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. நான் உங்கள் பக்கம்தான், களரிக்கு, கூத்தாடும் அந்த வட்ட அரங்குக்கு, விடியல் வேண்டும். ஆனாலும் கூத்துத் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தார், அதனால் காரியம் நடந்தது. சட்டத்தால் மட்டும் நடந்திருக்காது.

கனடாவை நான் புகழ்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாசி ஆணைக்குழு அறிக்கை கொடுத்த அதே 1951 இல்தான், இந்த மண்ணின் பூர்வகுடிகள் தங்கள் 'பொட்லாட்ச்' என்ற கொடைவிழாவை நடத்தக் கூடாது என்ற தடை சட்டத்திலிருந்து விழுந்தது. 1885 இல் வந்த தடை. அறுபத்தாறு வருடம் ஆட்டமும் பாட்டும் முகமூடியும் குற்றம். 1921 இல் மேற்குக் கரையில் ஒரு விழாவை நடத்தியவர்களைப் பிடித்து, சிறைக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் முகமூடிகளையும் செப்புப் பட்டயங்களையும் ஒப்படையுங்கள் என்றார்கள். அவை அருங்காட்சியகங்களுக்குப் போயின. ஒரு பகுதி திரும்பி வந்து, 1980 இல் அலேர்ட் பே என்ற ஊரில் அவர்களே கட்டிய நிலையத்தில் இருக்கிறது. இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நாம் கூத்தில் தலைக்கு வைக்கும் முடியையும் தோளில் அணியும் புயக்கிரீடத்தையும் யாரோ பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு போய், கண்ணாடிக்குப் பின்னால் வைத்து டிக்கெட் விற்றால் எப்படி இருக்கும்? தேசியம் என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே என்று மனுவிலேயே எழுதிவிட வேண்டும். பிறகு எழுத விடமாட்டார்கள்.

சென்ற வருடம் நானும் ஒரு மானியத்துக்கு எழுதிப்போட்டேன். எந்த அமைப்பு என்பது வேண்டாம். விண்ணப்பத்தில் நடனம், இசை, நாடகம் என்று மூன்று பெட்டிகள், ஒன்றில் மட்டும் அடையாளமிட வேண்டும். ஆட்டம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, கர்ணன் செத்துவிழுகிறான். எதில் இடுவது? நாடகத்தில் இட்டேன். 'வசனம் குறைவு' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கனடா மன்றமே இந்தப் பெட்டிகளோடு நெடுங்காலம் மாரடித்துவிட்டு, 2017 இல் நூற்றுக்கு மேற்பட்ட திட்டங்களை ஆறாகச் சுருக்கி, கலைவாரியாகப் பிரிப்பதை விட்டது. நீங்கள் புதிதாகத் தொடங்குகிறவர்கள். அந்தப் பெட்டிகளை அச்சடிக்கவே விடாதீர்கள்.

திரும்பவும் எழுதிப்போடுகிறேன். சதங்கை அணிவிழாவை வைகாசியில், பனி முற்றாகப் போன பிறகு வைத்திருக்கிறேன். பதினைந்து பிள்ளைகளுக்கும் சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்தின் பாட்டு ஏடு, கொடுத்தாகிவிட்டது. மூத்தவள் தருமரின் வரவுப் பாட்டில் இரண்டாம் அடியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்துப் பாடம் பண்ணுகிறாள். தாளம் பிசகவில்லை.

விண்ணப்பத்தோடு 'யாரிடம் கற்றாய்' என்று கேட்கிறார்கள், ஆசிரியரின் கையெழுத்தும் வேண்டுமாம். ஒரு தாளில் உங்கள் பெயர், யாரிடம் பழகினீர்கள், எத்தனை களரி கண்டீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்ப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். 'அண்ணாவியார்' என்பதற்கு மட்டும் இங்கே சொல் இல்லை, அதை அப்படியே விட்டுவிடுவேன். மனுவின் புதிய நகலையும் கூடவே வையுங்கள், அமைச்சர் இருக்கும் அந்த வரியை அடித்துவிட்டு.

பெரியம்மாவை ஈரத்தில் நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்