சாதா சைக்கிளுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்னார்வலர்கள் கட்டணமின்றி நடத்தும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் உலாக்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதிலிருந்த படங்கள் எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எடுக்கப்பட்டவை. படத்தில் ஒரு சாதா சைக்கிள்கூடக் கண்ணில் படவில்லை. வடசென்னையிலும் உலா நடக்கிறது என்பதால் இந்தக் கடிதம்.

நான் தண்டையார்பேட்டையில் வசிப்பவன். மணலியில் இருந்த ஒரு தொழிற்சாலைக்கு 31 ஆண்டுகள் சைக்கிளிலேயே போய்வந்தேன். எங்கள் பக்கத்தில் சைக்கிள் பிழைப்புக்கான வண்டி. தண்ணீர்க் கேனும் மீன் கூடையும் டீ கேனும் அதன் கேரியரில்தான் ஏறுகின்றன. ஆகவே, ஒரு வேலையும் இல்லாமல் சும்மா சுற்றிவருவதற்காக நான் சைக்கிளைத் துடைத்து எடுத்தபோது வீட்டில் சிரிக்காதவர் இல்லை.

முதலில் நான் போனது நகரின் வேறொரு பகுதியில் நடந்த உலாவுக்கு. கட்டணம் கிடையாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஹெல்மெட் இல்லாமல் வரக்கூடாது என்றதால் பக்கத்து வீட்டுப் பையனிடம் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். கிளம்பிய கால் மணி நேரத்துக்குள் முன்னால் போனவர்களின் சிவப்பு விளக்குகூட மறைந்துவிட்டது. யாரும் என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆனால் நான் வராததை யாரும் கவனிக்கவும் இல்லை.

பிறகு ஒரு ஞாயிறு விடியற்காலையில் ராயபுரம் ரயில் நிலையத்தின் முன்பிருந்து புறப்பட்ட உலாவில் சேர்ந்துகொண்டேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய அதே நிலையம். காசிமேடு வழியாகத் திருவொற்றியூர்க் கோயில் வரை போய்த் திரும்புவதற்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அங்கே வழக்கம் வேறாக இருந்தது. வழிகாட்டும் தம்பி ஒருவர் முன்னால் போனார். கடைசி ஆளுக்கும் பின்னால் இன்னொருவர் வந்தார். கடைசியில் வருபவரின் வேகம் எதுவோ அதுவே எல்லோருக்கும் வேகம். ஹெல்மெட் இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு கோணிப்பையில் நாலைந்து வைத்திருந்தார்கள். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் அரை பர்லாங்குகூடப் போக வேண்டாம் என்று முடிந்தவரை உட்தெருக்கள் வழியாகவே அழைத்துப் போனார்கள்.

திருவொற்றியூரை நெருங்கும்போது என் ஹெர்குலிஸ் சைக்கிளின் செயின் கழன்றுவிட்டது. பின்னால் வந்தவர் தரையில் மண்டியிட்டு, குச்சி ஒன்றால் செயினைப் பல்சக்கரத்தில் ஏற்றி, பெடலைக் கையால் பின்பக்கமாகச் சுற்றி மாட்டினார். விரல்களில் அப்பிய கிரீஸைச் சாலையோர மண்ணிலேயே தேய்த்துக்கொண்டார். அந்த ஐந்து நிமிடமும் முன்னால் போனவர்கள் முப்பது பேரும் ஒரு டீக்கடை வாசலில் காத்திருந்தார்கள். "என்ன பெரியவரே, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று கூடையோடு வந்த மீன்கார அம்மா ஒருவர் கேட்டுவிட்டுப் போனார்.

இந்த ராயபுரம் உலாக்காரர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. காசிமேட்டில் ஞாயிறு விடியற்காலைதான் மீன் வாங்க வருகிறவர்களின் கூட்டம் உச்சத்தில் இருக்கும். ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே முப்பது சைக்கிள் புகுந்தால் உழைக்கிறவர்களுக்குத்தான் இடைஞ்சல். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில், வேண்டுமானால் அந்த வழியை வைத்துக்கொள்ளலாம். மற்ற மாதங்களில் ஞாயிறு மாலை நாலரை மணிக்குக் கிளம்புவதே பொருத்தம். தண்ணீர் பிடித்து, சமைத்து, வீட்டுவேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே வர முடியும் என்றிருக்கும் பெண்களும் அப்போதுதான் வர முடியும். நான் போன அன்று வந்திருந்த பெண்கள் மூவர் மட்டுமே.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது புதுக்கோட்டை நினைவுக்கு வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத் தொண்டர்கள், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். உலாவுக்கு முன் அரை மணி நேரம், காலியாக இருக்கும் ஏதாவதொரு மைதானத்தில், ஓட்டத் தெரியாதவர்களுக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூட ஓடுவதற்கு இரண்டு பேர் முன்வந்தால் போதும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மிதிவண்டிகள் எங்கள் தெருவில் பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் நிற்கின்றன, வண்டிக்குப் பஞ்சமில்லை.

மாநகராட்சி 2014-இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதை வைத்துக் கேட்கவேண்டிய பெரிய காரியங்கள் எத்தனையோ உண்டு. நான் கேட்பது சின்னது: மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே அமைந்திருந்தால் சைக்கிள் சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும், அவற்றைக் குறுக்குவாட்டில் திருப்பிப் போட்டால் மாலை இருட்டிலும் பயமில்லாமல் திரும்பலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய உலாக்களின் அறிவிப்பை வெளியிடும்போது, புறப்படும் இடத்தோடு, எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம், சாதா சைக்கிளில் வரலாமா, பின்தங்கியவருக்காக நிற்பார்களா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை