பலோதி சாலையில் எங்களுக்குத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கடந்த டிசம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில், ராஜஸ்தானில் பீகானேரிலிருந்து ஜெய்சால்மேர் செல்லும் சாலையில் எங்களுக்கு உதவிய அனைவருக்கும் நாகர்கோவிலிலிருந்து எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

உங்களில் ஒருவருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது. கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அன்றைய பதற்றத்தில் வரவில்லை. ஆகவே இதைப் பொதுவில் எழுதுகிறேன். நீங்கள் தமிழ் படிக்கமாட்டீர்கள் என்பதும் தெரியும். எழுதாமல் விட்டால் உறுத்துகிறது. அந்தப் பக்கம் போகும் தமிழர் எவரேனும் ஒரு வாய் தேநீருக்கு நிற்கும்போது சொல்லிவிடமாட்டாரா என்ற ஆசையும் இருக்கிறது.

என் கணவர், எழுபத்தொரு வயதான மாமியார், பன்னிரண்டு வயது மகள், ஏழு வயது மகன், நான் என ஐந்து பேர் சென்றிருந்தோம். செலவுக் கணக்கு என் பொறுப்பு. விடுமுறைக் கூட்டத்தில் ரயிலில் இடம் கிடைக்கவில்லை; வாடகைக் காருக்குக் கேட்ட தொகையில் எங்களுடைய மூன்று நாள் சாப்பாடும் தங்குமிடமும் முடிந்துவிடும் என்பதால் பேருந்தே போதும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். முதல் நன்றி, பீகானேரில் தேநீர்க் கடை வைத்திருக்கும் பெரியவருக்கு. கோலாயத், பாப், பலோதி, ராம்தேவ்ரா, பொக்ரான், ஜெய்சால்மேர் என்று வழியில் வரும் ஊர்களை வரிசையாக ஒரு பிஸ்கட் அட்டையின் பின்புறத்தில் இந்தியில் எழுதிக் கொடுத்தார். பள்ளியில் இந்தி படிக்கும் என் மகள் அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மைல்கல் வரும்போதெல்லாம் ஒவ்வொரு பெயராகப் படித்துச் சரிபார்த்தாள்.

பலோதிக்கும் ராம்தேவ்ராவுக்கும் இடையில், மாலை நான்கு மணியளவில், நாங்கள் ஏறிய தனியார் பேருந்தின் ஃபேன் பெல்ட் அறுந்துபோனது. கிளீனர் பையன் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு புது பெல்ட் வாங்கப் பலோதிக்குத் திரும்பினான். பின்பக்க டிக்கியின் சாவியும் அவன் சட்டைப்பையிலேயே போய்விட்டது. அந்த நிறுவனம் மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை என்பதை இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் இது நன்றி சொல்லும் மடல். நிழலுக்கு ஒதுங்க நான்கைந்து கேஜ்ரி மரங்கள் மட்டுமே இருந்த இடம் அது. 2016 மே 19 அன்று 51 டிகிரி வெப்பம் பதிவான பலோதி பக்கத்தில்தான் இருக்கிறது. டிசம்பரில் வந்ததால் வெயிலிலிருந்து தப்பினோம் என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே மாமியாருக்கு வியர்க்கத் தொடங்கியது.

அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டவர், பலோதியில் மதியச் சாப்பாட்டின் காரத்துக்குப் பயந்து ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். குளிர்காற்று அடிக்கும் வேளையில் நெற்றியெல்லாம் வியர்வை, விரல்களில் நடுக்கம், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்தது. குளுக்கோஸ் பொட்டலம் பூட்டிய டிக்கிக்குள் இருந்தது. அதைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பையில் வைத்தது யாருடைய தவறு என்று இங்கே எழுத வேண்டியதில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எங்களுக்கு முன்னிருக்கையில் ராம்தேவ்ரா கோயிலுக்குச் செல்லும் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். (இந்த ராம்தேவ் யோகா கற்பிப்பவர் அல்லர், பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்து, இந்துக்களால் பாபா என்றும் முஸ்லிம்களால் ராம்சா பீர் என்றும் வணங்கப்படுபவர்.) அவருடைய மடியில், அந்தச் சந்நிதியில் நேர்த்திக்கடனாகச் செலுத்தும் துணிக்குதிரை ஒன்றும், தேங்காயும், பதாஷா எனும் வெள்ளைச் சர்க்கரை வில்லைகளும் சிவப்புத் துணியில் முடிந்து இருந்தன. நான் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அலறியது தமிழில். அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் அவர் முடிச்சை அவிழ்த்து, நான்கைந்து வில்லைகளை உள்ளங்கையில் நொறுக்கி, மாமியாரின் வாயருகே கொண்டுவந்தார். சுவாமிக்குப் படைக்காததை உண்ணக் கூடாது என்ற பழக்கம் அந்த மயக்கத்திலும் மாமியாருக்கு மறக்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா கோயில் இருக்கும் திசையை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மறு கையால் மாமியாரின் தாடையைப் பற்றி, குழந்தைக்கு ஊட்டுவதைப் போல ஊட்டிவிட்டார். கால் மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது. தாயே, வீட்டிலிருந்து கடவுளுக்கென்று முடிந்து கொண்டுவந்ததை வழியிலேயே பிரித்தீர்கள். இதற்கு நன்றி என்ற சொல் போதாது.

சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த, டாணி என்று அங்கே அழைக்கப்படும் சிறு குடியிருப்பின் மக்கள் பெண்களையும் குழந்தைகளையும் தங்கள் வீடுகளுக்கு அழைத்துச் சென்றார்கள். ஆறு மணிக்குச் சூரியன் மறைந்ததும் குளிர் சட்டென்று இறங்கியது. ஈரமோ மேகமோ இல்லாத அந்த வானத்தின் கீழ் பகல் முழுவதும் வாங்கிய சூட்டை மணல் வெகு விரைவில் விட்டுவிடுகிறது. முள்வேலிக்குள் வட்டக் குடிசை, நடுவில் நெருப்பு. கம்பு ரொட்டியில் நெய்யும் வெல்லமும் வைத்துக் கொடுத்தார்கள். ஆட்டுப்பாலில் போட்ட தேநீரை என் மகன் இரண்டு முறை வாங்கிக் குடித்தான்.

அந்த வீட்டாரிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். அங்கே தண்ணீர் என்பது டாங்கா எனும் மூடிய நிலத்தடித் தொட்டியில் சேர்த்துவைக்கும் மழைநீர். மழையையே ஆண்டில் சில நாட்கள்தான் காணும் பகுதி அது. மழைக்குக் குறைவில்லாத ஊரில் வளர்ந்த என் பிள்ளைகள் கைகழுவச் செம்பை எடுத்து அப்படியே கவிழ்த்தார்கள். வீட்டுப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. செம்பை வாங்கி மீண்டும் நிரப்பி, நூல்போல மெல்லிய தாரையாக அவரே ஊற்றினார். அந்தத் தாரையிலேயே நான்கு கைகளும் சுத்தமாயின. கீழே விழுந்த நீரைக்கூட ஒரு தட்டில் ஏந்தி ஆட்டுக்கு வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஏழு மணிக்குச் சற்று முன் வந்த அரசுப் பேருந்தை, ரோட்வேஸ் என்கிறார்கள், அந்த ஊர் இளைஞர்கள் சாலையில் நின்று கைகாட்டி நிறுத்தினார்கள். அதற்குள் கிளீனரும் திரும்பிவிட்டதால் பைகள் கைக்கு வந்தன. அவன் வாங்கி வந்த பெல்ட்தான் அளவு சேரவில்லை. ஏற்கெனவே நிரம்பி வழிந்த வண்டியில் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்ட நடத்துநருக்கும், எஞ்சின் மூடியின்மேல் தன் போர்வையை விரித்து மாமியாரை உட்காரவைத்த ஓட்டுநருக்கும் நன்றி. அந்தச் சூட்டில் அவர் நன்றாகத் தூங்கிவிட்டார். மூதாட்டி ராம்தேவ்ராவில் இறங்கினார். பொக்ரானில் மருந்துக்கடையில் சர்க்கரை அளவைப் பார்த்து வரும்வரை வண்டி நின்றது. 1974, 1998 ஆகிய ஆண்டுகளில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் பாடப்புத்தகத்தில் ஏறிய ஊர் அது. எங்களுக்கு இனி பரிசோதனைக்குக் காசு வாங்காத மருந்துக்கடைக்காரரின் ஊர். அதற்கப்பால் இருட்டில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. கண்விழித்த மாமியார், எங்கள் ஊர்ப்பக்கத்துக் காற்றாலைகள் என்று நினைத்து, “முப்பந்தல் வந்தாச்சாடி?” என்று கேட்டார்.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. டாணியிலிருந்து புறப்படும்போது நான் நீட்டிய 200 ரூபாயை அந்தப் பெரியவர் வாங்கவில்லை. என் மகளின் தலையில் கைவைத்து, அவள் கையில் ஒரு 20 ரூபாய்த் தாளை வைத்து மூடினார். வீட்டுக்கு வந்த பெண்பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கமில்லையாம். பயணம் முழுவதும் செலவுப் பத்தியை மட்டுமே நிரப்பிக்கொண்டிருந்த என் நோட்டில், வரவு என்று எழுதியது அந்த ஒரு வரியைத்தான்.

மாமியார் இப்போது நலம். சுவாமிக்குரிய பதாஷாவைத் தின்றது கடனாக நிற்கிறது, அடுத்த ஆவணியில் ராம்தேவ்ராவில் திருவிழா நடக்கும்போது அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். துணிக்குதிரை தைக்கச் சிவப்புத் துணி எடுத்தாயிற்று. குதிரையின் காது எப்படி இருக்கும் என்பதில்தான் அவருக்கும் பேத்திக்கும் தினமும் சண்டை.

நன்றியுடன்,
குடும்பத்தின் கணக்குப்பிள்ளை,
நாகர்கோவில்.