அம்மம்மாவின் வளவில் கூழ் காய்ச்சித் தந்தவர்களுக்கு

அன்புள்ள அயலவர்களே, சொந்தங்களே,

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாழ்ப்பாணத்து வயாவிளானில் எங்கள் அம்மம்மாவின் வளவில், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் கூழ் காய்ச்சினோம். காய்ச்சினோம் என்று எழுதுகிறேனே தவிர, காய்ச்சியது நீங்கள்தான். அன்று பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வர, சட்டி பானையைக் கழுவி ஏற்றி எல்லாரும் அவசரமாக வெளிக்கிட்டுவிட்டீர்கள். ஒருவருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லக் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொன்னீர்கள், போடவில்லை. வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

அம்மாவுக்கு இப்போது 81 வயது. தைப்பொங்கல் அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "ஆச்சியின்ரை முத்தத்திலை இருந்து ஒருக்காக் கூழ் குடிச்சால் காணும்" என்றார். அம்மா எங்களிடம் இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறவர் இல்லை. கேட்டது இது ஒன்றுதான். ஆனால் அந்த முற்றத்தில் அடுப்பு மூட்ட ஒரு கல்கூட இருக்கவில்லை.

நான் அந்த வளவில் வளர்ந்தது பன்னிரண்டு வயது வரைக்கும். செம்மண் காணி. வெள்ளைச் சட்டையில் பட்டால் எத்தனை தரம் தோய்த்தாலும் ஒரு மங்கல் நிறம் நிற்கும். அப்பு வெங்காயம் வைப்பார், ஒரு பக்கம் புகையிலை. தோட்டத்துக்கு மெசின் வைத்து இறைத்தாலும் வீட்டுக் கிணற்றில் துலாதான். ஐயா வேலை முடிந்து ரலி சைக்கிளில் வந்து இறங்கினதும், எங்கள் மூன்று பேரையும் கிணற்றடியில் வரிசையாக இருத்தி வாளி வாளியாக அள்ளி வார்ப்பார். முதல் வாளி தலையில் விழும்போது மூச்சு ஒரு தரம் நின்று வரும். வார்த்த தண்ணீர் வாய்க்காலால் ஓடி வாழைக்குப் போகும்; அது எந்த வாழையடிக்கு முதலில் போகிறது என்று நாங்கள் பந்தயம் பிடிப்போம். பலாலியில் விமானம் கிளம்புகிற சத்தம் கேட்டால் ஈரத்தோடு எழும்பி ஓடி, அது தெரியாமல் போகும்வரை கை காட்டுவோம்.

வெங்காயம் கிண்டுகிற காலத்தில் மாலுக்குள் இருந்து பிடி கட்டிக் கொடுத்தால் அப்பு ஆளுக்கு 25 சதம் தருவார். பிறகு காது முழுக்க ஒழுங்கையில்தான், ஐஸ்பழக்காரரின் சைக்கிள் மணிக்காக. இரவில் வெக்கை என்றால் முற்றத்தில் பாய் விரித்துப் படுப்போம். அம்மம்மா கால் நீட்டி இருந்து, மடியில் என் தலையை வைத்துப் பேன் பார்த்தபடி கதை சொல்லுவார். கதை முடியுமுன்னரே நான் நித்திரை. இன்றைக்கு வரைக்கும் அந்தக் கதைகளின் தொடக்கம்தான் எனக்குத் தெரியும்.

கூழ் என்றால் அது ஞாயிறுதான். மயிலிட்டியில் இருந்து மீன் வரும். அம்மம்மா குறைந்த ஆட்களுக்குக் கூழ் காய்ச்சியதை நான் பார்த்ததே இல்லை. "கூழுக்கு ஆள் வேணும். சோறெண்டால் தனியத் தின்னலாம்" என்பார். விடியவே எங்களை ஒழுங்கை நீளத்துக்கும் அனுப்பி வீடு வீடாகச் சொல்ல வைப்பார்.

1990 யூனில் சண்டை தொடங்க ஊரை விட்டு வெளிக்கிட்டோம். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்றார்கள். கோண்டாவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டின் பின் அறையில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் நான் படித்து முடித்தது ஓ.எல். அம்மம்மா அங்கேதான் கண்ணை மூடினார், 1994இல். அடுத்த வருடம் ஒக்ரோபர் 30ஆம் தேதி இரவு, சண்டையால் ஊரே இடம்பெயர, எல்லாரோடும் சேர்ந்து நாங்களும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். அந்த இரவைப் பற்றி இங்கே எழுத வரவில்லை.

2018 சித்திரையில் எங்கள் பக்கக் காணிகள் இராணுவத்திடமிருந்து விடுபட்டன. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது எது எங்கள் வளவு என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, வீட்டின் சுவர் ஒரு முழம்கூட மிஞ்சவில்லை. பற்றை ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. பனைகள் மட்டும் நின்றன, அடியில் வடலி அடர்ந்து காடாகி. கடைசியில் கிணற்றுக் கட்டைக் கண்டுபிடித்தோம். அம்மா அதில் கையை ஊன்றி நின்று, அங்கிருந்து அடி வைத்து நடந்தார். "இது அடுப்படி. இது சாமியறை. இதிலைதான் கறுத்தக்கொழும்பான் மாமரம் நிண்டது." வெறும் புல்லில் நடந்து வீட்டைக் காட்டினார்.

முதல் நன்றியை, எங்களுக்கு முகம்கூடத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றிய பிள்ளைகளே, கொதிக்கிற வெயிலில் கனத்த கவசத்தோடு முழங்காலில் இருந்து, மண்ணைக் கையகலம் கையகலமாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் தந்தீர்கள். உங்களில் எத்தனையோ பேர் பெண்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள். கூழ் அன்று என் தம்பியின் மகள் அந்த வளவு முழுக்க வெறுங்காலோடு ஓடித் திரிந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்களைத்தான் நினைத்தேன்.

கிணறு இறைத்த நாலு தம்பிமாருக்கு அடுத்தது. இடிந்த கல், முட்கம்பி, தகரம், அரைவாசி உக்கிய தென்னங்குற்றி என்று அதற்குள் இல்லாதது இல்லை. இரண்டு நாளில் முடியும் என்று பேசி வந்தீர்கள், நாலு நாள் நின்றீர்கள். மிச்ச இரண்டு நாளுக்கும் காசு வாங்க மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். மூன்றாம் நாள் மத்தியானம் கீழே நின்ற தம்பி, "அக்கா, ஏதோ பித்தளை மாதிரிக் கிடக்கு" என்று குரல் கொடுத்தது இன்னும் காதில் நிற்கிறது. வாளியில் வந்தது சேற்று உருண்டை. பச்சைப் பாசி நிறத்தில் களிம்பு பிடித்து, மூக்கு ஒரு பக்கம் நெளிந்த ஒரு மூக்குப்பேணி, தண்ணீர் குடிக்கிற பித்தளைக் குவளை. நான் அதை அப்படியே பையில் போடப் போனேன். அந்தத் தம்பி விடவில்லை. பழப்புளி கேட்டு வாங்கி, சாம்பலும் தும்புமாக அரை மணி நேரம் இருந்து தேய்த்தார். முதலில் விளிம்பு மஞ்சளாக வந்தது, பிறகு வயிற்றுப் பக்கம். அடியைத் திருப்பித் தேய்க்க இரண்டு எழுத்துத் தெரிந்தது, அம்மம்மாவின் பெயரின் முதல் இரண்டு எழுத்து.

அம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வெளிக்கிட்ட அன்று விடியக்காலை அம்மம்மா பித்தளைச் சாமான் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கிணற்றில் இறக்கினாராம், வந்து எடுக்கலாம் என்று. சாக்கும் இல்லை, மற்றச் சாமான்களும் இல்லை. இந்தப் பேணி மட்டும் சேற்றுக்குள் இருந்திருக்கிறது. தம்பி, ஊற்றுத் தண்ணீர் தெளிந்த பிறகு அந்தப் பேணியில் முதல் தண்ணீரை நிரப்பி அம்மாவின் கையில் தந்தது நீங்கள். அம்மா அதை வாயில் படாமல் அண்ணாந்து குடித்தார், 35 வருடத்துக்கு முன் குடித்த மாதிரியே. ஒரு துளிகூடச் சீலையில் சிந்தவில்லை.

பனை சீவுகிற அண்ணை, உங்களுக்கு எழுதுவதுதான் எனக்குக் கடினம். எங்கள் சின்ன வயதில் எங்கள் பனைகளைச் சீவினவர் உங்கள் தகப்பன். கூழ் நாளில் எல்லாருக்கும் குடிக்கப் பனையோலையில் பிளா கோலித் தருபவரும் அவர்தான். ஆனால் தன் கூழை அவர் வேலியோரம் நின்றுதான் குடித்தார். நாங்கள் முற்றத்தில் பாயில் இருப்போம். அது பிழை என்று எனக்கு அன்று தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. அந்தப் பிள்ளைக்கால மகிழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் வேலியோரம் நின்ற அவரும் சேர்ந்தே நினைவில் வருகிறார். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை உங்களிடம் கேட்கிறேன். இதை அன்றே கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை.

நீங்கள் கூப்பிட்டதும் வந்தீர்கள். காலையிலேயே ஓலை வெட்டிப் போட்டு, அதில் இளசாகப் பார்த்துத் தெரிந்து, கத்தியால் ஈர்க்கை வகிர்ந்து, மடித்து, இரண்டு நுனியையும் கூட்டிப் பிடித்து ஓலை நாரால் ஒரு முடிச்சு. பார்த்துக்கொண்டிருக்கவே கையில் ஒரு சின்னத் தோணி. நாற்பது பிளா கோலினீர்கள், ஒன்றுகூட ஒழுகவில்லை. சுற்றி நின்ற பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தீர்கள். அப்புறம் கூழ் இறக்கினதும் நீங்கள் வடலிப் பக்கம் ஒதுங்கப் பார்க்க, அம்மா தன் பக்கத்தில் பாயைத் தட்டி, "இதிலை வந்து இரும் தம்பி" என்றார். நீங்கள் வந்து இருந்தீர்கள். அந்த முற்றத்தில் நான் கண்ட எல்லாவற்றிலும் எனக்குப் பெரிது அதுதான்.

மயிலிட்டி மீன்கார அண்ணை, நண்டும் இறாலும் கேட்டதற்குத் திருக்கையும் கணவாயும் சேர்த்துக் கொண்டுவந்து, "கூழுக்கெண்டால் கணக்குப் பார்க்கக் கூடாது" என்றீர்கள். சரி, கணக்குப் பார்க்கவில்லை. கோயில் ஐயா பெரிய கிடாரத்தை எங்களுக்கு இரவல் தர முடியாததன் காரணம் விளங்கியது, கோயில் பாத்திரத்தில் மீன் காய்ச்சக் கூடாது அல்லவா. அதற்குப் பதிலாகத் தெரிந்த இடத்தில் சொல்லிவிட்டு, அவரே முன்னுக்கு நின்று ஏற்றிவிட்டார். அந்த மனதுக்கும் நன்றி.

அச்சுவேலி மாமி, கூழ் உங்கள் கையால்தான் ஆனது. ஒடியல் மாவை ஊறப் போட்டு, மேலே தெளிந்த கயர்த் தண்ணீரை இரண்டு தரம் வடித்து ஊற்றினீர்கள். அரிசி, பலாக்கொட்டை, பயத்தங்காய், மரவள்ளி எல்லாம் அவிந்து வர மீன் தலையும் நண்டும் போய், பிறகு செத்தல் மிளகாய் அரைத்த கூட்டும் பழப்புளியும். மாவைக் கரைத்து விடும்போது யாரையும் கிட்ட விடவில்லை. விறகை இழுத்து நெருப்பைத் தணித்துவிட்டு, அகப்பையை ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தீர்கள். எந்தப் பதம் என்று கேட்டேன். அகப்பையைத் தூக்கிக் காட்டி, "விழுகிற சத்தத்தைக் கேள்" என்றீர்கள். தண்ணீர் மாதிரி விழாமல், தொப்பென்றும் விழாமல், நடுவில் ஒரு சத்தம். அம்மம்மா என்னிடம் சொல்லாமல் போனதை நீங்கள் சொல்லித் தந்துவிட்டீர்கள்.

அம்மா முதல் வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுகின. உறைப்புத்தான் என்று சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். மூன்று பிளா குடித்தார். மூன்று வாய்க்கு மேல் தின்னாத மனுசி.

அதற்குப் பிறகு நடந்ததை அங்கே நின்ற எல்லாரும் பார்த்தீர்கள். யாரோ அன்பாக இஞ்சித் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வர, அம்மா இருந்த இடத்திலிருந்தே, "ஆரடி அது! மரவள்ளி போட்ட கூழுக்கு மேலை இஞ்சியோ!" என்று ஒரு சத்தம் போட்டார். மரவள்ளியோடு இஞ்சி சேரக் கூடாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அது அம்மாவின் குரல் இல்லை. அம்மம்மா அடுப்படியில் நின்று எங்களை ஏசுகிற அதே குரல், அதே இழுவை. நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சி, பயந்துவிட்டீர்கள், குறை நினைக்காதீர்கள். நீங்கள் அதைக் கொண்டு வந்திருக்காவிட்டால் அந்தக் குரலை நாங்கள் இனிக் கேட்டிருக்கவே மாட்டோம்.

அந்த நேரம் பார்த்துப் பலாலிப் பக்கம் விமானம் ஒன்று எழும்பியது. பிள்ளைகள் எல்லாரும் பிளாவும் கையுமாக வெட்டைக்கு ஓடிக் கை காட்டினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசியாக ஒரு விஷயம். ஒரு எவர்சில்வர் சட்டி மூடி, காம்பில் நீல நூல் சுற்றின ஒரு அகப்பை, வலது காலுக்குரிய ஒரு சின்னப் பிள்ளைச் செருப்பு, இவை மூன்றும் எங்களிடம் தங்கிவிட்டன. செருப்பின் மற்றக் கால் எந்த வீட்டில் என்று அம்மா தினமும் கேட்கிறார். உரியவர்கள் வாருங்கள். வரும்போது பொழுதோடு வாருங்கள், கிணற்றில் குளித்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
வயாவிளான் வளவின் பேத்தி