கிரகணப் பெட்டிச் செய்தியில் இதையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரகணம் வந்தாலே 'கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது, கத்தியைத் தொடக்கூடாது' என்று பத்திரிகைகளில் பெட்டிச் செய்தி வந்துவிடுகிறது. அப்புறம் உதட்டுப் பிளவோடு குழந்தை பிறந்தால், பெற்றவளிடம்தான் 'அன்னிக்கு என்னத்த நறுக்கினே?' என்று கேட்கிறார்கள். இது எனக்குத் தாங்கவில்லை.

முகம் எப்படி உருவாகிறது என்பதை ஓரளவு கண்ணாலேயே பார்க்க வைத்தது வரிக்குதிரை மீன். கங்கைச் சமவெளி ஓடைகளில் வாழும் சின்ன மீன். கரு தாய்க்கு வெளியே வளர்கிறது, கண்ணாடி போல உள்ளே எல்லாம் தெரியும், ஐந்தே நாளில் தாடைக் குருத்தெலும்பு வந்துவிடும், அல்சியன் நீலச் சாயம் ஏற்றினால் அது தனியாக நீல நிறத்தில் தெரியும். ஜெர்மனியின் டியூபிங்கனிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் மரபணு பழுதான மீன்களை ஆயிரக்கணக்கில் தேடிப் பிடித்து 1996-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அதில் 'சக்கர்' என்று பெயரிட்ட மீனுக்குக் கீழ்த்தாடை சரியாக வளரவில்லை. எண்டோதெலின்-1 மரபணுதான் காரணம் என்று 2000-ல் தெரிந்தது. முகத்தைக் கட்டும் செல்கள் மூளை உருவாகும் இடத்தின் ஓரத்தில் பிறந்து கீழே நகர்ந்து வருகின்றன. சக்கர் மீனிலும் அவை வந்து சேர்கின்றன, ஆனால் கீழ்த்தாடையாக மாறச் சொல்லி சுற்றியுள்ள திசு அனுப்ப வேண்டிய சமிக்ஞை வருவதில்லை. 'ஜெல்லிஃபிஷ்' என்ற இன்னொரு மீனில் சாக்ஸ்9 மரபணு பழுது, செல்கள் வந்தும் குருத்தெலும்பாக மாறுவதில்லை. மனிதர்களிலும் சாக்ஸ்9 கெட்டால் சின்னத் தாடையோடும், பலருக்கு அண்ணப்பிளவோடும் (வாயின் மேற்கூரையில் பிளவு) குழந்தை பிறக்கிறது.

எல்லாப் பிளவுக்கும் ஒரே மரபணு காரணம் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்துதான். ஆனால் மனிதக் கருவில் மேலுதடு ஏழாவது வாரவாக்கில் சேர்ந்துவிடுகிறது, அண்ணம் 12-வது வாரத்துக்குள் மூடிவிடுகிறது. ஏழாம் மாதத்தில் வருகிற கிரகணம் எப்படி உதட்டைப் பிளக்கும்?

உண்மையிலேயே கவனிக்க வேண்டியவை இருக்கின்றன: கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்வது, சிகரெட் புகையைத் தவிர்ப்பது, பிளவு அபாயத்தைக் கூட்டும் சில வலிப்பு மாத்திரைகள் (தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்). அடுத்த கிரகணத்துக்கு அந்தப் பெட்டியில் இவற்றைப் போடுங்கள், பிளவை அறுவை சிகிச்சையில் சரிசெய்ய முடியும் என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி