சித்தப்பாவை அழைத்துப்போகும் தம்பிக்கு

தம்பி,

அப்பாவின் முதல் திதி முடிந்த கையோடு சித்தப்பாவை உன் வீட்டுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னாய். நிம்மதியாக இருந்தது. அப்பாவைப் போலவே அவருக்கும் பார்க்கின்சன், அதாவது உடம்பின் அசைவைத் தடுமாறவைக்கும் மூளை நரம்பு நோய், என்று தெரிந்தபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. சொந்தக்காரர்களும் படிப்பார்கள், மாடி வீட்டு விஷயத்துக்குள் போகவில்லை.

கைநடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்காதே. அது வருமுன்பே அப்பா கரண்ட் பில்லை இரண்டு முறை கட்டினார். எழுத்து பொடிப்பொடியாகச் சிறுத்து, கையெழுத்து பொருந்தவில்லையென்று செக் திரும்பியது. கனவில் சண்டை போட்டுக் கட்டிலிலிருந்து விழுந்தார். வயசாகிவிட்டது என்றோம். இந்த நோயில் ஆட்களின் பெயரும் முகமும் மறக்குமுன்பே, ஒரு வேலையை வரிசைப்படுத்திச் செய்கிற திறன் தடுமாறத் தொடங்கிவிடும். அதனால் மாத்திரை டப்பாவை நீயே நிரப்பு. இந்த நோய்க்கான முக்கிய மருந்தான லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் கொடு. பருப்பு, முட்டை, பாலில் உள்ள புரதம் போட்டிக்கு வந்தால் மருந்து சரியாக ஏறாது.

அந்த ரயில் நாள். வாசல்படியில் அப்பாவின் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நகரவில்லை. ஆட்டோ நிற்கிறது, பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள். "டிக்கெட்டை எங்க வச்சீங்க? சீக்கிரம் வாங்கப்பா!" என்று பின்னாலிருந்து கேட்டாய். பதில் சொல்லத் திரும்பினார், விழுந்தார். நமக்குத் தானாக வருகிற நடையை அவர் ஒவ்வோர் அடியாக யோசித்து நடந்துகொண்டிருந்தார். அந்த யோசனையை உன் கேள்வி பறித்துக்கொண்டது. உனக்கு அது தெரியாது. தெரிந்த நான் வாயைத் திறக்காமல் நின்றேன், என்னை மன்னித்துவிடு. ஆனாலும் விழுந்தவரைப் பார்த்து நீ போட்ட சத்தம் இருக்கிறதே, அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சித்தப்பாவுக்குக் கால் ஒட்டினால் இழுக்காதே. பேச்சை நிறுத்து. எடையை ஒரு காலுக்கு மாற்றச் சொல், பிறகு "ஒண்ணு, ரெண்டு" என்று தாளமாக எண்ணு. வாசலிலும் குளியலறை முன்னும் தரையில் குறுக்காகக் கலர் டேப் ஒட்டு. கோட்டைத் தாண்டச் சொன்னால் தூக்காத கால் தூக்கும். இது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இல்லாத குழந்தை மூலையில் நிற்பதாகச் சித்தப்பா சொன்னால் வாதாடாதே, விளக்கைப் போடு. ஒரே நாளில் புத்தி குழம்பினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிய மாத்திரை இவற்றைச் சந்தேகித்து டாக்டரிடம் போ. நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்சிஃபெனிடில் வயதானவர்களின் நினைவைக் குழப்பும். மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் உடம்பை இன்னும் இறுக்கும். மருந்துச் சீட்டில் இந்தப் பெயர்கள் இருந்தால் டாக்டரிடம் கேள். லெவோடோபாவை மட்டும் நீயாகச் சட்டென்று நிறுத்திவிடாதே, ஆபத்து.

அப்பாவின் நாலுவேளை டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போ.

அக்கா