தாத்தா மலரில் ஒரு வினைச்சொல்

அன்புள்ள மகளுக்கு,

தாத்தாவின் நூற்றாண்டு மலருக்கு நீ அனுப்பிய ஆங்கிலக் கட்டுரையைப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது, கடைசிப் பத்தியில் ‘இம்மார்டலைஸ்’ என்ற வினையை நீ ஆண்டிருக்கும் விதம் மட்டும் சரியில்லை. தம் தொண்டால் தாத்தா அழியாப் புகழ் அடைந்தார் என்று சொல்ல நினைத்து, அவரை எழுவாயாக வைத்து, செயப்படுபொருளே இல்லாமல் வாக்கியத்தை முடித்திருக்கிறாய். அது செயப்படுபொருள் குன்றா வினை. ஒருவர் இன்னொருவரையோ ஒரு நிகழ்ச்சியையோ காலத்தால் அழியாதபடி நிலைநிறுத்துவதைத்தான் அது குறிக்கும். ஆகவே, புகழ் பெற்றவர் பெரும்பாலும் செயப்பாட்டு வாக்கியத்தில்தான் வருவார்; நிலைநிறுத்தியவருக்கு முன்னால் ‘பை’ வரும், கவிதை, ஓவியம், வெண்கலம் போன்றவற்றுக்கு முன்னால் ‘இன்’ வரும்.

நீ குடியிருக்கும் பாஸ்டனிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. நார்த் எண்டில் குதிரைமேல் வீற்றிருக்கும் பால் ரெவியரின் சிலையைப் பார்த்திருப்பாய். அமெரிக்க விடுதலைப் போர் மூளவிருந்த 1775 ஏப்ரல் 18 இரவு, பிரிட்டிஷ் படை புறப்படுகிறது என்ற செய்தியை லெக்சிங்டனுக்குக் கொண்டுபோன வெள்ளிப் பத்தர் அவர். 1818இல் அவர் இறந்தபோது மாசசூசெட்ஸுக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் அதிகமில்லை. 1860இல் கவிஞர் லாங்ஃபெல்லோ அந்த இரவைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அது அச்சேறியதும் ரெவியர் நாடறிந்தவரானார். அதே இரவில் அதே செய்தியுடன் வேறு வழியாக அனுப்பப்பட்ட வில்லியம் டாஸுக்கு அந்தக் கவிதையில் இடமில்லை. கவிதையில் ரெவியர் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குக் கான்கார்டு ஊருக்குள் நுழைகிறார். உண்மையிலோ வழியிலேயே பிரிட்டிஷ் காவற்படையிடம் சிக்கி, குதிரையையும் பறிகொடுத்து, லெக்சிங்டனுக்கு நடந்தே திரும்பினார். கான்கார்டை எட்டியவர் இடையில் வந்து சேர்ந்துகொண்ட மருத்துவர் சாமுவேல் பிரெஸ்காட். எனவே ‘லாங்ஃபெல்லோ ரெவியரை இம்மார்டலைஸ் செய்தார்’ என்னும்போது, எதை நிற்கவைப்பது, எதை விட்டுவிடுவது என்ற அதிகாரம் கவிஞரிடமே இருந்தது என்பதும் அதில் அடங்கும். நம் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனுக்கு இது தெரிந்திருந்தது. பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாது போகட்டும் என்று புறநானூற்றின் 72ஆம் பாட்டில் அவன் வஞ்சினம் கூறுகிறான்.

‘கமெமரேட்’ என்பதும் இதுவும் ஒன்றல்ல. ஆண்டு விழா எடுப்பதும் தபால்தலை வெளியிடுவதும் கமெமரேட். அது முயற்சியைச் சொல்லும் வினை. இம்மார்டலைஸ் விளைவைச் சொல்கிறது, அதிலும் காலம் கடந்த பிறகே தெரியவரும் விளைவை. சிலை திறந்த அன்று மாலையே அவர் இம்மார்டலைஸ் செய்யப்பட்டுவிட்டார் என்று செய்தித்தாள்கள் எழுதுவதும், மெழுகுப் பொம்மை வைத்ததற்கே இந்தச் சொல்லைச் செலவழிப்பதும் எனக்கு மிகையாகவே படுகின்றன. ஆனால் வழக்கில் ஊன்றிவிட்டதால் பிழை என்று அடிக்க முடியாது.

உன் தோழி ஆய்வுக்கூடத்தில் செல்களை இம்மார்டலைஸ் செய்வதாகச் சொல்கிறாள் என்று கேட்டிருந்தாயே, அங்கே புகழுக்கு வேலையில்லை. சில தடவை பிளவுபட்டு ஓய்ந்துபோக வேண்டிய செல்களை முடிவின்றிப் பெருகவைப்பது என்பதே பொருள். அப்படித் தாமாகவே பெருகியவை, 1951இல் பால்டிமோர் மருத்துவமனையில் ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து அவர் சம்மதமின்றி எடுக்கப்பட்ட ஹீலா செல்கள். உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் அவை வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், அவருடைய பெயரை ஹெலன் லேன் என்று பலர் தவறாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

உன் வாக்கியத்தில் அந்த வினையை எடுத்துவிட்டு, மாணவர்கள் இன்றும் அவரை நினைவுகூர்கிறார்கள் என்று எளிமையாக எழுது. தாத்தா குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரப்பில் நடந்துவரும் கோட்டோவியத்தை அவருடைய பழைய மாணவர் ஒருவர் வரைந்து கொடுத்திருக்கிறார்; அதுதான் மலரின் அட்டை. அதன்கீழ் ஒரு வரி ஆங்கிலத்தில் வேண்டும் என்கிறார்கள். அங்கும் ‘கேப்சர்’ என்ற வினையே போதும். அச்சகத்தில் வியாழக்கிழமை பக்கம் கட்டுகிறார்கள், அதற்கு முன் இரண்டையும் அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா