நடைபிணங்களின் ஊரிலிருந்து ஒரு கடிதம்

மன்ரோவில், பென்சில்வேனியா
அக்டோபர் 2025

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தி அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நம் ஊர்த் திரையரங்கு இடிக்கப்பட்டுக் கல்யாண மண்டபமாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். கடிதத்தின் ஓரத்தில் கேலியாக ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: அறுபதைத் தாண்டிய மனிதர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு பேயாகத் தெருவில் நடப்பதில் என்ன கொண்டாட்டம் இருக்கிறது என்று. எங்கள் திகில் பட ரசிகர் குழுவுக்கு ஆண்டிலேயே வேலை மிகுந்த மாதம் இது என்பதால், அந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில், அக்டோபர் 31 அன்று பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் என்பது கடையில் வாங்கி வாசலில் மாட்டும் சரக்கு. நெகிழி எலும்புக்கூடு, காற்றடைத்த பூதம், பிள்ளைகளுக்கு மிட்டாய், அத்தோடு முடிந்தது. எங்கள் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் அப்படியில்லை. இன்று உலகம் முழுவதும் திரையில் தள்ளாடித் தள்ளாடி நடக்கும் நடைபிணம், அதாவது ஸோம்பி, பிறந்த இடம் இதுதான். நியூயார்க்கிலிருந்து இங்கே கல்லூரிக்குப் படிக்க வந்து, பிறகு ஊரை விட்டுப் போகாமல் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோ என்ற இளைஞரும் அவருடைய கூட்டாளிகளுமாகப் பத்துப் பேர், தலைக்கு 600 டாலர் போட்டு ஒரு படத்தைத் தொடங்கினார்கள். நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள எவான்ஸ் சிட்டி என்ற சிற்றூரில், எப்படியும் இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீட்டை வாடகைக்குப் பிடித்து, 1967 இல் படப்பிடிப்பை நடத்தினார்கள். கடைசியில் செலவு 1,14,000 டாலர் அளவுக்கு வந்ததாம். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற அந்தப் படம் 1968 அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்க் நகர மையத்தில் இருந்த ஃபுல்டன் திரையரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அந்த அரங்கம் பைஹம் என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. எங்கள் ஹாலோவீன் பருவம் 31 ஆம் தேதிக்காகக் காத்திராமல் மாதத்தின் முதல் நாளிலேயே தொடங்கிவிடுவதற்கு இதுதான் காரணம்.

அந்தப் படத்தில் பிணங்களாக நடந்தவர்கள் யார் தெரியுமா? இயக்குநரின் நண்பர்கள், அவர்களிடம் விளம்பரம் எடுத்த வாடிக்கையாளர்கள், எவான்ஸ் சிட்டிக்காரர்கள். கதையில் மனைவி மகளோடு நிலவறையில் பதுங்கிக்கொள்ளும் மனிதராக நடித்தவரே தயாரிப்பாளர்களில் ஒருவர். செய்தியாளராக வருபவர் பில் கார்டில். 1963 முதல் இருபது ஆண்டுகள் உள்ளூர்த் தொலைக்காட்சியில் சனிக்கிழமை இரவுதோறும் திகில் படங்களை அறிமுகப்படுத்தி, இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவரையும் தூங்கவிடாமல் செய்தவர். ஆக, திரையில் எழுந்து வந்த பேய்க்கு வேற்றூர் முகம் கிடையாது. பேயைப் பார்த்து "இவர் நம் இறைச்சிக் கடைக்காரர் அல்லவா" என்று கேட்கக்கூடிய ஊர் வேறு எங்கே இருக்கும்? நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பயத்தைக் கொண்டாடும் கூட்டமாகத் தெரியலாம். உள்ளே இருந்து பார்த்தால், தங்கள் பெற்றோரும் அயலாரும் கையால் செய்த ஒரு பொருளை ஆண்டுக்கொருமுறை எடுத்துத் துடைத்து வைக்கும் கூட்டம்.

இந்த மாத முதல் சனிக்கிழமையன்று தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் கூடத்தை ஒரு மாலைக்கு எடுத்து அந்தப் படத்தைத் திரையிட்டோம். மடக்கு நாற்காலிகள், சூடான ஆப்பிள் சைடர், போலந்துக்காரர்களின் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, அதன் பக்கத்தில் கொலு முடிந்த கையோடு என் மனைவி செய்து கொடுத்த கடலைச் சுண்டல். சுண்டல்தான் முதலில் தீர்ந்தது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஊர்க் கூடத்தில் யாருக்கும் காசு கொடுக்காமல் இந்தப் படத்தைத் திரையிட முடிவதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. படத்துக்கு முதலில் வைத்த பெயர் வேறு. விநியோகஸ்தர் அதை மாற்றியபோது, பழைய பெயர்ச் சட்டகத்தோடு சேர்ந்து அதில் இருந்த பதிப்புரிமைக் குறிப்பும் போய்விட்டது. குறிப்பு அச்சிடப்படாமல் வெளியான படைப்புக்குப் பதிப்புரிமையே இல்லை என்பது அந்நாளைய அமெரிக்கச் சட்டம். ஆகவே யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், யார் வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம், எவரும் தடுக்க முடியாது என்றாகிவிட்டது. எடுத்தவர்களுக்கு வரவேண்டிய பெரும்பணம் வராமலே போயிற்று. ஆனால் நாடெங்கும் நள்ளிரவுக் காட்சிகளிலும் தொலைக்காட்சியிலும் மலிவு ஒளிநாடாக்களிலும் அது பரவியதற்கு அந்த ஒரு வரி விடுபட்டதே பெரிய காரணம் என்று எங்கள் குழுவின் மூத்தவர்கள் சொல்வார்கள். இதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் பெருமையும் குற்ற உணர்வும் கலந்திருப்பதை ஒவ்வோர் ஆண்டும் கவனிக்கிறேன். 1999 இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் அந்தப் படம் இடம்பெற்றது. மரியாதை வந்தது, பணம் வரவில்லை.

நீ அந்தப் படத்தைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பேய்ப்படம் என்று ஒதுக்கிவிடாதே. வீட்டுக்குள் சிக்கிக்கொண்டவர்களைக் காப்பாற்றப் போராடும் நாயகன் ஒரு கறுப்பினத்தவர். டுவேன் ஜோன்ஸ் என்பவர் நடித்தார். படத்தில் ஒருவர்கூட அவருடைய நிறத்தைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. இரவு முழுவதும் பிணங்களிடமிருந்து தப்பிப் பிழைத்தவரை, விடிந்ததும் துப்பாக்கியோடு வரும் உயிருள்ள மனிதர்கள் பேயென்று எண்ணிச் சுட்டுக் கொன்று, கொக்கியால் இழுத்துப் போய் எரிக்கிறார்கள். முடிந்த படச்சுருளைக் காரில் வைத்துக்கொண்டு நியூயார்க்குக்குப் போகும் வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். கூடத்தில் அந்த இறுதிக்காட்சி ஓடும்போது, எத்தனையோ முறை பார்த்தவர்கள்கூடச் சைடர் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கோரத்தை வேடிக்கையாக மட்டும் பார்க்கும் கூட்டமாக இருந்திருந்தால் நான் இத்தனை ஆண்டு அவர்களோடு சேர்ந்திருக்கமாட்டேன்.

இனி ஒப்பனைக்கு வருகிறேன். உன் கேலிக்கு முக்கியக் குறி அதுதானே! மொனெசன் என்ற பழைய எஃகு நகரத்தில், இந்த மண்ணின் மைந்தரும் புகழ்பெற்ற ஒப்பனைக் கலைஞருமான டாம் சவீனி பெயரில் ஒப்பனைப் பயிற்சி வகுப்பு ஒன்று நடக்கிறது. அங்கே படித்த ஒரு பெண் எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடம் எடுத்தாள். திரவ ரப்பரை முகத்தில் தடவி, மெல்லிய காகிதக் கைக்குட்டையைக் கிழித்து அதன்மேல் ஒட்டி, முடி உலர்த்தியால் காயவைத்து, மறுபடியும் ஒரு பூச்சு கொடுத்து, நடுவில் கிள்ளிப் பிரித்தால் தோல் உரிந்தது போலவே இருக்கிறது. இரத்தத்துக்குச் சோளப்பாகும் சிவப்புச் சாயமும். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் 1967 இல் சாக்லேட் பாகே போதுமானதாக இருந்தது. வண்ணம் வந்தபின் வேலை கூடிவிட்டது. என் நெற்றியில் அவள் போட்ட காயத்தைப் பார்த்து என் மனைவி மிரளவில்லை. "கழுவிவிட்டுச் சாப்பிட வாருங்கள்" என்றாள்.

நான் உனக்குச் சொல்ல மிகவும் விரும்புவது எவான்ஸ் சிட்டிக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி. படத்தின் முதல் காட்சி எடுக்கப்பட்ட குன்று அது. கார் வளைந்து ஏறி வரும் பாதையும், அந்தக் காட்சியில் வரும் பெண் பற்றிக்கொண்டு நிற்கும் கல்லும் இன்றும் அப்படியே இருக்கின்றன. அங்கே ஒரு சிறு வழிபாட்டுக் கட்டடமும் உண்டு. அது சிதைந்து, 2011 வாக்கில் இடித்துவிடலாம் என்ற நிலைக்கு வந்தபோது, படத்தில் பணியாற்றிய ஒருவரே முன்னின்று ரசிகர்களிடம் பணம் திரட்டிச் சீரமைத்தார். பேய்ப்பட ரசிகர்கள் ஒரு பிரார்த்தனைக் கூடத்தைக் காப்பாற்றினார்கள் என்பதை நான் யாரிடம் சொன்னாலும் ஒருமுறை திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். நாங்கள் ஆண்டுதோறும் அங்கே போகும்போது வேடம் போட்டுக்கொள்வதில்லை. அது எங்கள் குழுவின் கண்டிப்பான விதி. இன்றும் அடக்கம் நடக்கும் இடம் அது. தந்தையின் கல்லறைக்குப் பூ வைக்க வந்தவர் முன்னால் நாம் பிணமாக ஆடக்கூடாது அல்லவா? உதிர்ந்த இலைகளை வாரி ஒதுக்கிவிட்டு, குன்றின்மேல் சற்று நேரம் நின்றுவிட்டு வருவோம். வணிகத்துக்காக நடத்தப்படும் பேய் வீடுகளில் மின்வாளோடு துரத்துகிறவர்களைவிட எனக்கு அந்த அரைமணி நேரம்தான் பிடித்திருக்கிறது.

இப்போது என் ஊரான மன்ரோவில் நகரத்துக்கு வருகிறேன். பென் ஹில்ஸில் இருக்கும் எங்கள் வேங்கடேசுவரர் கோயிலை உனக்குத் தெரியும். நீ வந்திருந்தபோது போனோமே. அங்கே 1977 ஜூன் மாதம் கும்பாபிஷேகம் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில், அங்கிருந்து சில மைல் தொலைவில் உள்ள மன்ரோவில் மாலில் ரொமேரோ தம் அடுத்த நடைபிணப் படமான 'டான் ஆஃப் தி டெட்' படப்பிடிப்பைத் தொடங்கினார். பகலெல்லாம் கடைகள் நடக்கும்; இரவு மூடியபின் விடியும் வரை படம் எடுப்பார்கள். கிறிஸ்துமஸ் அலங்காரத்தை ஒவ்வோர் இரவும் கழற்றி மாட்ட முடியாது என்று நடுவில் பல நாட்கள் படப்பிடிப்பையே நிறுத்தி வைத்தார்களாம். கோயில் கட்டிய தலைமுறையைச் சேர்ந்த நம்மவர்கள் பகலில் அரிசிப் பாத்திரமும் குளிர்ச்சட்டையும் வாங்கிய அதே தளத்தில், இரவில் பிணங்கள் நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

2006 அக்டோபரில் அதே மாலில் 894 பேர் நடைபிணங்களாக நடந்து உலக சாதனை படைத்தார்கள். அந்த எண்ணிக்கையைப் பிற்பாடு எத்தனையோ ஊர்கள் தாண்டிவிட்டன. இங்கே யாருக்கும் அதில் வருத்தமில்லை. இன்று எங்கள் நடைக்கு நுழைவுக் கட்டணம் டப்பாவில் அடைத்த உணவு. பீன்ஸும் சூப்பும் பெட்டி பெட்டியாகச் சேர்ந்து, வறியவர்களுக்கான உணவு வங்கிக்குப் போகின்றன. கிழிந்த சட்டையும் வெளிறிய முகமுமாக, இரு கைகளிலும் தக்காளி டப்பாக்களோடு வரிசையில் பொறுமையாக நிற்கும் பிணங்களை நீ ஒருமுறை பார்க்க வேண்டும்.

ரொமேரோ 2017 ஜூலையில் காலமானார். அடுத்த ஆண்டே அவருடைய மார்பளவுச் சிலை அந்த மாலில் திறக்கப்பட்டது. இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அந்த வணிக வளாகத்தை வால்மார்ட் நிறுவனம் 3.4 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்கிறார்கள். இதனால் எங்கள் குழு இரண்டுபட்டுக் கிடக்கிறது. எப்படியாவது ஒரு பகுதியையேனும் காக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். செத்த பின்னும் பழக்கம் விடாமல் கடைவீதிக்கே திரும்பி வரும் மனிதர்களைக் கேலி செய்த படம் அது, அந்தக் கடைவீதிக்காக நாமே அழுதால் படம் நமக்குப் புரியவில்லை என்றாகிவிடும் என்பவர்கள் மறுபக்கம். இரண்டாவது கட்சியின் வாதம் கூர்மையானது; ஆனால் நான் முதல் கட்சியின் பக்கம் சாய்கிறேன். காரணம் உன் கடிதம்தான். நம் ஊர்த் திரையரங்கு இடிக்கப்பட்டபோது அதை எதிர்க்க வேண்டாம், ஒரு புகைப்படம் எடுத்து வைக்கவாவது யாரேனும் வந்தார்களா? மண்டபம் கட்டி முடிந்த பிறகல்லவா உனக்கே தெரிந்திருக்கிறது! மால் இருக்கட்டும், போகட்டும். அதன் ஒவ்வொரு மூலையிலும் எந்தக் காட்சி எடுத்தார்கள், யார் நடித்தார்கள் என்பதை எங்கள் ஆட்கள் இப்போதே படமெடுத்துக் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரொமேரோவின் கைப்பிரதிகளும் கடிதங்களும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்துக்கு 2019 இல் வந்துசேர்ந்துவிட்டன என்பது ஒரு நிம்மதி.

ஹாலோவீன் இரவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாலை இரண்டு மணி நேரம் தெருப் பிள்ளைகள் வருவார்கள், மிட்டாய் தீரும், விளக்கை அணைப்போம். சென்ற ஆண்டு தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்ததால், பட்டுப் பாவாடை கட்டிக் கோரைப்பல் மாட்டிய குழந்தைகள் எங்கள் வாசலில் முறுக்குக் கேட்டு நின்றார்கள். இந்த ஆண்டு அந்த வாய்ப்பு இல்லை.

கடைசியாக, உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். சுடலைமாடன் கொடையில் நள்ளிரவுக்கு மேல் சாமியாடி வேட்டைக்குச் சுடுகாட்டுக்குப் போவதைப் பற்றி நான் ஒருநாள் எங்கள் குழுவில் சொன்னேன். அன்றிலிருந்து அவர்கள் என்னை விடவில்லை. அதிலும், அந்தக் கதையை வில்லில் மணி கட்டிக் கோலால் தட்டிக்கொண்டு விடிய விடியப் பாடுவார்கள் என்றதும், நவம்பர் கூட்டம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் பக்கத்தில் இன்னும் பழைய முறையில் பாடுகிற குழு இருந்தால், மாடன் பிறக்கும் பகுதியை மட்டுமாவது அவர்களிடம் கேட்டு, உரிய பணம் கொடுத்துப் பதிவு செய்து அனுப்பு. பணத்தை நான் உடனே அனுப்பிவிடுகிறேன். பாட்டின் வரிகளையும் உன் கையால் எழுதி அனுப்பினால், மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு வசதியாக இருக்கும். கூட்டம் நவம்பர் மூன்றாம் வாரத்தில். அதற்கு முன் கிடைத்தால் போதும்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன் பழைய நண்பன்